மெச்சி

துருவன் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்ததும், மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவரும் கத்தவில்லை. பந்து மட்டும் தனியாக உருண்டு போய் வேலியில் முட்டி நின்றது.

முதலில் போய்ச் சேர்ந்தவள் ஏழாம் வகுப்பு இனியாழ். துருவனின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி கைக்குட்டையை நனைத்து வந்து முழங்கை சிராய்ப்பைத் துடைத்தாள். ஒரு பையன் குனிந்து ஊதினான். இடம் கிடைக்காதவர்கள் சுற்றி நின்று கைக்கு எட்டிய இடத்தை, காலையோ முதுகையோ வெறும் சட்டை நுனியையோ, தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லடா துருவா. இதோ சரியாயிரும். மூச்சை மெதுவா விடு."

துருவனின் விசும்பல் அடங்கியது. அது அடங்க அடங்கச் சுற்றி நின்றவர்களின் முகங்கள் மலர்ந்தன. எல்லா முகங்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு. சிலர் கண்களை மூடிக்கொண்டார்கள்.

அன்று காலைதான் வேலங்காட்டுப்புதூர் நடுநிலைப் பள்ளியில் பணியில் சேர்ந்திருந்த சிந்துஜா, மாடி வராந்தாவில் நின்று இதைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரோட்டில் அவள் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பிள்ளை விழுந்தால் மற்ற பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்?" பக்கத்தில் வந்து நின்ற தலைமையாசிரியர் வெற்றிவேந்தன் கேட்டார். "இங்க நான் ஒரு புள்ளையத் திட்டி வருசக்கணக்காச்சுங்க. தொண்டையே மறந்து போச்சு."

"மெச்சி இவ்வளவு செய்யும்னு நான் நினைக்கல சார்."

"வந்து பாக்கறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

மெச்சி என்பது காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அருகிலிருக்கும் மற்ற மெச்சிகளோடு அது ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஒருவருடைய வலியோ பயமோ துக்கமோ குறைந்தால், யாருடைய கையால், யாருடைய சொல்லால் குறைந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பிள்ளையின் மூளைக்குள் ஓர் இதத்தைச் செலுத்தும். குளிர்ந்த உடம்பில் வெயில் படுவதுபோல இருக்கும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எவ்வளவு வலி குறைந்ததோ, அவ்வளவு இதம். வளர்ந்தவர்களின் மூளையில் அந்த இதம் ஏறாது. அதனால் ஆசிரியர்களும் பெற்றோரும் அணிந்த வில்லைகள் அவர்களின் வலியை உணர மட்டுமே செய்தன.

"இதுல நடிக்க முடியாதுங்க டீச்சர். எதிராளிக்கு நெசமா வலி கொறஞ்சாத்தான் வரும். சும்மா தடவிக் குடுத்தா ஒண்ணும் வராது," என்றார் வெற்றிவேந்தன், தானே கண்டுபிடித்தவர்போல.

"தப்பு பண்ணினா என்ன செய்யும் சார்?"

"ஒண்ணும் செய்யாது. அதான் இதோட அழகு. தண்டனைங்கறதே கெடையாது. நல்லத மட்டும் மெச்சும், மத்ததப் பாக்கவே பாக்காது."

சிந்துஜா இந்தப் பள்ளியைக் கேட்டு வாங்கி வந்ததற்குக் காரணம் அவள் மகள் நறுமுகை. ஐந்தாம் வகுப்பு. ஈரோட்டில் அவள் ஒரு தோழியின் முகத்தில் தண்ணீர்ப் பாட்டிலால் அடித்து உதட்டைக் கிழித்துவிட்டாள். மன்னிப்புக் கேள் என்றதற்கு, "அவ அழுதா எனக்கென்ன?" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் சிந்துஜா மறந்திருப்பாள். அவள் சாதாரணமாக, பாடத்தில் சந்தேகம் கேட்பவள்போலக் கேட்டாள். அப்பா கடற்காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலையில் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார். வீட்டில் அம்மாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனக்காரர்கள்போல இருந்தார்கள்.

அன்று மாலையே நறுமுகையின் காதுக்குப் பின்னால் மெச்சி ஒட்டப்பட்டது.

*

மாற்றம் தெரிய அதிக நாள் ஆகவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சிந்துஜாவின் முன்னால் நறுமுகை ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றாள். "நின்னு நின்னு கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து அமுக்கத் தொடங்கினாள். சின்ன விரல்கள், எங்கே வலிக்கிறது என்று அவற்றுக்கே தெரிந்ததுபோல இருந்தது. சிந்துஜா நாற்காலியில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். நறுமுகை எழுந்து அந்தக் கண்ணீரையும் துடைத்தாள். அவள் முகம் அப்போது எப்படி ஒளிர்ந்தது என்பதைச் சிந்துஜா பல நாள் நினைத்து நினைத்துப் பார்த்தாள். பெற்றெடுத்த பத்து வருடத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

கணவரோடு திரையில் பேசும்போது, "நம்ம பொண்ணு நமக்குத் திரும்பக் கெடைச்சுட்டாளுங்க," என்றாள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. வலி எதுவும் இல்லாத நாட்களில் நறுமுகைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருவாள். "தலை வலிக்குதா? முதுகு? வயிறு?" என்பாள். இல்லை என்றால் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? மனசு கஷ்டமா இருக்கா?" என்பாள். அதுவும் இல்லை என்றால், கடை மூடியிருப்பதைக் கண்டு திரும்புகிறவள்போல அறைக்குள் போய்விடுவாள்.

பள்ளியிலும் ஒன்று சிந்துஜாவின் கண்ணில் பட ஆரம்பித்தது. சண்டையே இல்லாத பள்ளியில் எப்போதும் யாருக்காவது அடிபட்டுக்கொண்டே இருந்தது. இன்று ஒருத்தியின் நெற்றி, நாளை ஒருவனின் மணிக்கட்டு. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் துணியும் தீர்ந்துகொண்டே இருந்தன. அடிபட்ட பிள்ளைகள் யாரும் வருத்தமாக இல்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி திரிந்தார்கள்.

ஒரு மதியம், சாப்பாட்டு இடைவேளையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து அவள் அந்தப் பக்கம் போனாள். பேச்சுச் சத்தமே இல்லை. அவர்களின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பழைய மோட்டார் அறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. துருவன் அதன் நிலையருகே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் இடது கை விரல்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தன. கதவின் பிடியை இனியாழ் பிடித்திருந்தாள்.

"ரெடியா துருவா? கொஞ்சந்தான். உடனே எடுத்துருவோம்."

"ம்," என்றான் துருவன். கண்களை இறுக்க மூடிக்கொண்டான்.

கதவு மூடியது.

அந்தச் சத்தமும் துருவனின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. அடுத்த நொடியே கதவு திறந்தது, ஈரத்துணிகள் நீண்டன, அத்தனை கைகளும் அவனைத் தாங்கின. இனியாழ் அவன் விரல்களைத் தன் இரு கைகளுக்குள் பொதிந்து, தாய் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரும் அங்கே இருந்தார்கள். நறுமுகை அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சிந்துஜா கத்திவிட்டாள். என்ன கத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. ஒரு முகத்திலும் மாட்டிக்கொண்ட பயம் இல்லை. அவற்றில் இருந்தது அக்கறை.

"டீச்சர் பயந்துட்டாங்க," என்றது ஒரு குரல்.

"டீச்சர், உக்காருங்க. கையெல்லாம் நடுங்குதுங்களே."

அவர்கள் அவளிடம் வந்தார்கள். ஒருவன் அவள் கையைப் பிடித்தான், ஒருத்தி தோளைத் தொட்டாள், யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவளைத் தொட்டி ஓரத்துத் திண்டில் உட்கார வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, "ஒண்ணுமில்லீங் டீச்சர், ஒண்ணுமில்லீங்," என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சிந்துஜா எதிர்த்துப் போராட நினைத்தாள். ஆனால் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை மென்மையான கைகள் தொடும்போது படபடப்பு தானாகக் குறைந்தது. அது குறைந்த அந்தக் கணத்தில், சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சை வெளியே விட்டார்கள். முகங்கள் ஒளிர்ந்தன. நறுமுகையின் முகமும்.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று சிந்துஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இனியாழ், இங்க வா." குரலை நிதானப்படுத்திக்கொண்டு கேட்டாள். "எதுக்கும்மா இப்படிச் செஞ்சீங்க?"

இனியாழ் மறைக்கவில்லை. அவளுக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

"இன்னைக்குக் காலையிலிருந்து யாருக்குமே ஒண்ணும் ஆகலீங் டீச்சர். துருவன்தான், நான் வரேன்னு சொன்னான். முறை வெச்சுத்தாங்க செய்வோம். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்."

"வலிக்குமேம்மா."

"வலிச்சாத்தானுங்க சரி பண்ண முடியும்."  பிறகு, டீச்சர் ஏன் இந்தச் சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்ற வியப்போடு கேட்டாள். "யாருக்கும் ஒண்ணுமே ஆகலைன்னா நாங்க எப்படிங்க டீச்சர் நல்லவங்களா இருக்கறது?"

*

வெற்றிவேந்தன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. மேசை மேலிருந்த அவருடைய வலது கையின் சுண்டு விரலில் ஒரு பழைய கட்டு இருந்தது. பேசிக்கொண்டே இருந்த சிந்துஜா அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் மொதல்ல அதிர்ச்சியாத்தான் இருந்துச்சுங்க." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே தொலைவில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "முன்னாடி இந்த ஸ்கூல்ல ஒரு பையன் மண்டையை உடைச்சாங்க டீச்சர். ஜாதிச் சண்டை. ரத்தம் கொட்டக் கெடந்தான், ஒருத்தன் பக்கத்துல போகல. அவங்க ஆள், நம்ம ஆள்னு பாத்துட்டு நின்னாங்க. இன்னைக்கு எவன் விழுந்தாலும் எவனும் தூக்கறான். யாருன்னு கேக்கறதே இல்ல. அதுக்கு ரெண்டு விரல் நசுங்குனா..."

"சார், அவங்களே நசுக்கறாங்க!"

"அத நான் நிறுத்தறேன். காயப்படக் கூடாதுன்னு சொல்லிர்றேன். சொன்னாக் கேப்பாங்க, நல்ல புள்ளைங்க."

உண்மையில் கேட்டார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர் சொன்னதும், யாரும் யார் உடம்பையும் காயப்படுத்தக் கூடாது என்பதை அத்தனை பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டார்கள். முதலுதவிப் பெட்டி மூடியே கிடந்தது. சிந்துஜாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்த வாரம் அவள் ஏழாம் வகுப்பில் நுழைந்தபோது, துருவன் கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தான். அப்படி ஒரு அழுகையை அவள் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. சத்தம் வெளியே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. வகுப்பு முழுவதும் அவனைச் சுற்றிப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. யாரும் அவனைத் தொடவில்லை. காத்திருந்தார்கள்.

"என்னாச்சு? துருவா, என்னடா ஆச்சு?"

"அவங்கம்மா செத்துப் போயிட்டாங்க டீச்சர்," என்றான் ஒரு பையன் மெதுவாக. "நார் மில்லுல மிசின்ல மாட்டி."

சிந்துஜா அவனை நோக்கி விரைந்தாள். துருவனின் அம்மா கோமளாவை அவளுக்குத் தெரியும். தேங்காய் நார் மில்லில் வேலை பார்ப்பவள், கணவன் இல்லாதவள், இருப்பது இந்த ஒரு பையன். "யார் சொன்னா? எப்போ?" என்று கேட்பதற்குள் இனியாழ் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல அவளைத் தடுத்தாள். பிறகு முன்னால் நகர்ந்து, துருவனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"துருவா, இங்க பாரு. பொய்டா. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. சும்மா சொன்னோம். நல்லா இருக்காங்க. இந்தா, பேசு." தன் மின்கற்பலகையை அவன் முன்னால் நீட்டினாள். திரையில் மில் வாசலில் நின்ற கோமளாவின் முகம் தெரிந்தது. "என்ன சாமி? எதுக்குக் கூப்ட்ட?"

துருவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வகுப்பு அதற்காகத்தான் காத்திருந்தது. இரும்புக் கதவு தந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இரண்டு பேர் மயங்கியே விட்டார்கள். இனியாழின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். துருவனும், கற்பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேம்பியபடியே சுற்றிலும் பார்த்து, "நாளைக்கு யாருடா?" என்று கேட்டான்.

*

சிந்துஜா பெற்றோரைக் கூப்பிட்டாள். வெற்றிவேந்தன் தடுக்கவில்லை, வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அவள் கண்டதையெல்லாம் சொன்னாள். கதவைச் சொன்னாள், பொய்ச் சாவைச் சொன்னாள். "இந்த வில்லைக்குக் காயம் எப்படி வந்துச்சுன்னு கவலையே இல்லை. ஆறினாப் போதும். அதனால நம்ம பிள்ளைங்க காயத்தை உண்டாக்கக் கத்துக்கிட்டாங்க. எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தா எடுத்துடலாம்," என்றாள்.

கூட்டத்தில் யாரும் அதிரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கோமளாதான் எழுந்தாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. கை நசுங்குனது எனக்குத் தெரியுமுங்க. எம்பையனே சொன்னான், அவனாத்தான் வெச்சானாம். அன்னைக்கு நான் செத்துட்டேன்னு சொன்னதும் தெரியும். வீட்டுக்கு வந்து என்னையக் கட்டிப் புடிச்சுட்டு விடவே இல்லீங்க அவன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவங்கப்பன் இருந்த வரைக்கும் 'நீ சாப்ட்டியா'ன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. மில்லுல இருந்து இடுப்பொடிஞ்சு வருவேன். இப்ப எம்பையன் வாசல்லயே நிக்கறான். எண்ணெய் காய வெச்சு வெச்சிருக்கறான். அதப் போயி எடுக்கச் சொல்றீங்களே."

"அந்தப் பாசம் நெஜமில்லைங்க."

"எனக்கு வலி போகுதுங்களே டீச்சர். அது நெசந்தானே?"

பின்னால் யாரோ, "ஆமாங்," என்றார்கள். இன்னொருவர், "சின்னச் சின்னக் காயந்தானே, எந்தப் புள்ள படாதது?" என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டம் கலைந்து போகும்போது சிந்துஜா கவனித்தாள். பெற்றோரில் பலர் ஏதோ ஒரு விரலிலோ மணிக்கட்டிலோ ஒரு கட்டுப் போட்டிருந்தார்கள்.

*

பள்ளியை மாற்ற முடியாவிட்டாலும் வீட்டை மாற்றலாம் என்று அவள் முடிவு செய்தாள். நறுமுகையை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். நறுமுகை நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டாள். ஆனால் சிந்துஜா கையை அவள் காதருகே கொண்டுபோனதும், அவள் உடம்பு முழுக்க விறைத்தது.

"வேண்டாம்மா. ப்ளீஸ்மா. இனிமேல் யாரையும் அழ வைக்க மாட்டேன். வர்றதை மட்டும் எடுத்துக்கறேன். வேண்டாம்மா!"

வில்லையை எடுக்கும்போது தோலில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. சிந்துஜா தன்னுடையதையும் கழற்றினாள். இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நறுமுகையைப் பள்ளிக்கு அனுப்பாமல், தானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

அழுவாள், பொருளை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நறுமுகை அமைதியாக இருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள். மற்ற நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்துஜா கதை சொன்னாள், பல்லாங்குழி சொல்லிக் கொடுத்தாள், தலை பின்னிவிட்டாள். முடியைப் பிடித்த அம்மாவின் கைக்கும் சீப்புக்கும் அவளுக்கு வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை. நாளாக ஆகச் சரியாகும் என்று சிந்துஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு காலை, துணி துவைத்துவிட்டுக் குளியலறையிலிருந்து வெளியே வந்தவளின் கால் வழுக்கியது. வாசற்படியில் கணுக்கால் மடங்க விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலியில் கண் இருட்டியது.

"நறுமுகை! அம்மிணி! ஓடி வா!"

நறுமுகை வந்தாள். கதவருகே நின்றாள். அம்மா கிடப்பதைப் பார்த்தாள், திரும்பியிருந்த காலைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"தூக்கு கண்ணு... ஃபோனையாவது எடுத்துட்டு வா..."

அவள் நகரவில்லை. நீண்ட நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்.

"மெச்சி போட்டுக்கலாமாம்மா?"

"மொதல்ல ஃபோனை எடு சாமி, வலி தாங்கல..."

"சாவி எங்கம்மா?"

சிந்துஜா அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் கொடுமை இல்லை, பிடிவாதம்கூட இல்லை. கையில் பாத்திரமில்லாமல் தண்ணீருக்குப் போகச் சொன்னால் எப்படிப் போவது என்று நிற்கும் பிள்ளையின் முகம். கால் துடித்தது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தரையில் தள்ளிவிட்டாள்.

நறுமுகை இரண்டு வில்லைகளையும் கொண்டு வந்தாள். முதலில் அம்மாவின் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். அதில் பச்சைப் புள்ளி தெரியும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்னுடையதை ஒட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் அவள் முகத்தில் உயிர் வந்தது.

"அய்யோ, அம்மா! ரொம்ப வலிக்குதா? அசையாதே, அசையாதேம்மா. நான் இருக்கேன்."

தலையணை வந்தது, தண்ணீர் வந்தது, மருத்துவ ஊர்திக்கு அழைப்புப் போனது. ஊர்தி வரும்வரை அம்மாவின் தலையை மடியில் வைத்து அவள் பாடிக்கொண்டிருந்தாள். சிந்துஜா அந்த மடியில் கிடந்தபடி, ஈரமான தன் பாவாடையிலிருந்து எழுந்த சோப்பு வாசனையை உணர்ந்தாள். துவைத்த தண்ணீரைக் குளியலறை வாசலில் தான் கொட்டவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நறுமுகையைக் கேட்கலாம் என்று நினைத்தாள். அந்த விரல்கள் அவள் நெற்றியில் இருந்தன. அவள் கேட்கவில்லை.

*

கால் கட்டோடு இருந்த நாட்கள்தான் அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்த நாட்கள். நறுமுகை பள்ளி விட்டு ஓடி வருவாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், தலையணையைச் சரி செய்வாள், பக்கத்தில் படுத்துக்கொண்டு அன்று நடந்ததையெல்லாம் சொல்வாள். குளிர் நாட்களில் எலும்பு குடையும்போது காலைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். மெச்சியைப் பற்றி மேலிடத்துக்குச் சிந்துஜா எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நினைப்பாள். அதற்குள் பள்ளி விடும் நேரமாகிவிடும்.

பிறகு கட்டுப் பிரிக்கப்பட்டது. நறுமுகை கணுக்காலை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப வலிக்கவே இல்லையாம்மா?"

"இல்ல சாமி. சுத்தமா போயிருச்சு."

"இங்க அமுக்கினா?"

"இல்ல."

அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு விலகியது.

அதற்கப்புறம் நறுமுகை தானாக எழுந்தாள், தானாகக் கிளம்பினாள், வந்ததும் அறைக்குள் போனாள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. சிந்துஜா கூப்பிட்டால் வந்து உட்காருவாள். "ஏதாச்சும் வேணுமாம்மா?" என்பாள். "ஒண்ணும் வேண்டாம். சும்மா உக்காரு," என்றால், உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். "நான் போகட்டுமா?" என்பாள். மாலையானால் அவள் இனியாழ் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே எப்போதும் யாருக்காவது ஏதாவது இருந்தது.

ஒருநாள் காலை, விடுப்பு இன்னும் முடிந்திராத சிந்துஜா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நறுமுகை பையை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் இல்லாத பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்தாள். சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் பேருந்து வந்துவிடும். போனால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

"அம்மிணி," என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?" திரும்பவில்லை.

"ஒண்ணுமில்ல."

கல்லில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. சிந்துஜா தோசையை எடுத்துத் தட்டில் போட்டாள். அடுத்த கரண்டி மாவை எடுக்கவில்லை. காதுக்குப் பின்னால் விரலை வைத்து, வில்லை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு இடது உள்ளங்கையை விரித்துக் கல்லின் மேல் வைத்து அழுத்தினாள்.

கூடத்தில் பை விழும் சத்தம் கேட்டது. குட்டிக் கால்கள் ஓடி வந்தன, எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆசையாக!

"அம்மா! என்னாச்சும்மா? கையைக் காட்டு, காட்டும்மா!"

நறுமுகை அந்தக் கையை வாங்கிக் குழாயடியில் பிடித்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் ஒளிர்ந்தது. வாசலில் பேருந்து வந்து நின்று, ஒலியெழுப்பி, காத்திருந்துவிட்டுப் போனது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கத் தொடங்கியது.

இவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டாமே என்று சிந்துஜா நினைத்துக்கொண்டாள்.